காவிரியில் மின்சாரம் கண்டவர்

சென்ற பருவத்தில் எங்கள் ஆற்றல் இயல் வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். புதுப்பிக்கத்தக்க ஆற்றலைக் கொண்டு இந்தியாவில் முதன்முதலாகப் பெரிய அளவில் மின்சாரம் எடுத்தது எந்த ஆண்டில் என்பது கேள்வி. கர்நாடகத்துப் பாவகடாவின் சூரிய ஒளிப் பூங்காவை ஒருவர் சொன்னார். குஜராத்தின் காற்றாலைகளை ஒருவர் சொன்னார். நான் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்துப் பிள்ளை. முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போனவன். ஊர்ப்பற்று விடுமா? எங்கள் ஊரைத்தான் சொன்னேன். ஆசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கரும்பலகையில் 1902 என்று எழுதினார். வகுப்பே சிரித்தது. பிறகுதான் தெரிந்தது, சிரிப்பு எங்களைப் பார்த்துத்தான் வரவேண்டியது என்று.

ஓடும் ஆறும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல்தானே! கதிரவன் கடலை ஆவியாக்க, காற்று அதைச் சுமந்து மலைமேல் சேர்க்க, மழையாகி இறங்கும் நீரைச் சுழலியில் விட்டு மின்சாரம் எடுக்கிறோம். சூரியத் தகடும் காற்றாலையும் புதியவை ஆகையால் அவற்றை மட்டுமே நாம் இந்தப் படிப்பின் பொருளாக எண்ணிவிடுகிறோம். டார்ஜிலிங்கில் 1897-ஆம் ஆண்டிலேயே 130 கிலோவாட் அளவில் ஒரு சிறு நீர்மின் நிலையம் வந்துவிட்டது. ஆயினும் ஒரு பெருந்தொழிலையே தாங்கும் அளவுக்கு நீரின் ஆற்றலை இந்தியாவில் முதலில் மின்சாரமாக்கியது காவிரியில், சிவசமுத்திரத்தில். அதைச் செய்வித்தவர் பாலக்காட்டுத் தமிழர் ஒருவர். அவர் பொறியியல் படித்தவர் அல்லர், சட்டம் படித்தவர். அவரே மைசூர்ச் சமஸ்தானத்தின் திவானாக 18 ஆண்டுகள் விளங்கிய சர் கே. சேஷாத்ரி ஐயர்.

சேஷாத்ரி ஐயர் 1845-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் பிறந்தார். அந்நாளில் மலையாள ஜில்லா சென்னை மாகாணத்தின் பகுதி. தந்தையார் அனந்தநாராயண ஐயர் கோழிக்கோட்டில் வக்கீல் தொழில் நடத்தியவர். சேஷாத்ரி ஐயரும் கோழிக்கோட்டுப் பள்ளியில் படித்து, பின்பு சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இளைஞராகக் கலெக்டர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தபோது, அப்போது கோழிக்கோட்டில் அதிகாரியாயிருந்த ரங்காசார்லுவின் கண்ணில் பட்டார். அந்தப் பார்வைதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ரங்காசார்லு மைசூருக்குப் போனார். பின்னாலேயே இந்த இளைஞரையும் அழைத்துக்கொண்டார். 1868-ஆம் ஆண்டில் 23 வயதில் சேஷாத்ரி ஐயர் மைசூர் உத்தியோகத்தில் நுழைந்தார். இதை எழுதும் எனக்கும் இப்போது அதே வயது. வேறு ஒற்றுமை எதுவும் இல்லை என்பதை நண்பர்கள் நினைவூட்டத் தேவையில்லை!

வேற்று மொழி பேசும் நாட்டில் வேலை. நீதித்துறை, வரித்துறை, ஜில்லா நிர்வாகம் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். வேலைக்கிடையே படித்து 1874-இல் சட்டப் பட்டமும் பெற்றார். ஐம்பது ஆண்டுகள் ஆங்கில கமிஷனர்களின் கையில் இருந்த மைசூர், 1881-இல் மீண்டும் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. ரங்காசார்லு முதல் திவான் ஆனார். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1883 ஜனவரியில், அவர் காலமானார். அந்த இடத்துக்கு 37 வயதுச் சேஷாத்ரி ஐயரை மன்னர் சாமராஜேந்திர உடையார் தேர்ந்தார்.

ஏற்ற பொறுப்பு இலேசானதன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம் மைசூரில் இலட்சக்கணக்கான மக்களை விழுங்கியிருந்தது. கருவூலம் கடனில் இருந்தது. புதிய திவான் ஏரிகளைச் செப்பனிட்டார், இருப்புப்பாதைகளை நீட்டினார், செலவைக் கணக்குப் பார்த்துச் செய்தார். கோலார்த் தங்கவயலிலிருந்து வந்த உரிமைத் தொகை சமஸ்தானத்தின் கையைச் சற்றுத் தாராளமாக்கியது. பெங்களூருக்கு ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்ததும், 1898-இல் பிளேக் நோய் நகரைச் சூறையாடியபின் பசவனகுடியும் மல்லேசுவரமும் அகலத் தெருக்களோடு எழுந்ததும் அவர் காலத்தில்தான். இவற்றையெல்லாம் விரித்தால் இந்த இதழ் போதாது. நம் பொருளுக்கு வருவோம்.

கோலார்த் தங்கவயல் பூமிக்கடியில் மிக ஆழமாகப் போகும் சுரங்கம். பாறையை இடிக்க, நீரை இறைக்க, ஆட்களையும் கல்லையும் மேலே தூக்க, இரவும் பகலும் நீராவி எந்திரங்கள் ஓடின. அவற்றுக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். நிலக்கரி நெடுந்தூரத்திலிருந்து வரவேண்டும்; விறகுக்குக் காடு அழியவேண்டும். எரிபொருட் செலவே தங்கத்தில் பெரும்பங்கைத் தின்றது. மறுபுறம், சுரங்கத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில், சிவசமுத்திரத் தீவை வளைத்து இரண்டு கிளையாகப் பிரியும் காவிரி, ககனசுக்கி, பரசுக்கி என்ற அருவிகளாக வீணே விழுந்துகொண்டிருந்தது.

வீணே என்று எழுதிவிட்டேன். அருவியைக் கண்டு களித்தவர்கள் என்னை மன்னிக்கவேண்டும். எங்கள் துறைக்காரர்களுக்கு அருவியைக் கண்டால் முதலில் அழகு தோன்றுவதில்லை, கணக்குத் தோன்றுகிறது. ஒரு கன மீட்டர் நீரின் எடை ஆயிரம் கிலோ. அது நொடிக்கொரு முறை 120 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 1,177 கிலோவாட் ஆற்றல். சிவசமுத்திரத்தில் முதலில் அமைத்த எந்திரங்களின் திறன் 4,320 கிலோவாட். சுழலியிலும் மின்னாக்கியிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்துப் பார்த்தாலும் நொடிக்குச் சுமார் 5 கன மீட்டர் நீர் போதும். காவிரியின் வெள்ளக்காலத்து நீரில் அது ஒரு துளி.

நீர் தாராளம், தொலைவுதான் தடை. 1890-களில் மின்சாரத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோய் வாணிபம் செய்தவர்கள் உலகிலேயே அரிது. ஜெர்மனியில் 1891-இல் லாஃபனிலிருந்து பிராங்பர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் அனுப்பிக் காட்டினார்கள். அது ஒரு பொருட்காட்சிக்காகச் செய்த சோதனை. நயாகராவின் மின்சாரம் 1896-இல் பபலோ நகருக்குப் போனது. அந்தத் தொலைவு சிவசமுத்திரத்துத் தொலைவில் நான்கில் ஒரு பங்குதான். இந்தச் செய்திகளைப் படித்த தனியார் சிலர் காவிரி அருவியைத் தங்களுக்குக் குத்தகையாகக் கொடுக்கும்படி மைசூரைக் கேட்கத் தொடங்கினார்கள். கொடுத்திருக்கலாம், தொல்லையில்லாமல் ஆண்டுக்கு ஒரு தொகை வந்திருக்கும். சேஷாத்ரி ஐயர் கொடுக்கவில்லை. சமஸ்தானமே நிலையத்தைக் கட்டி, சமஸ்தானமே மின்சாரத்தை விற்கவேண்டும் என்று முடிவு செய்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

அந்த முடிவின் துணிவை இன்றைக்கு உணர்வது கடினம். பஞ்சத்தின் வடு ஆறாத ஒரு நாடு. நகரில் ஒரு மின்விளக்குக்கூட எரியாத காலம். மக்களில் பெரும்பாலோர் மின்சாரம் என்பதைக் கேள்விப்பட்டதே இல்லை. மன்னர் சாமராஜேந்திர உடையார் 1894-இல் கல்கத்தாவில் காலமாகிவிட, இளவரசர் சிறுவராயிருந்ததால் மகாராணியார் ஆட்சிப்பேராளராக இருந்தார். திட்டம் தோற்றால் பழி முழுதும் திவான் தலைமேல்தான் விழும்.

அவர் செய்த வழி மாணவர்கள் கவனிக்கத்தக்கது. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்போல் நடிக்கவில்லை. மைசூர்ப் பொதுப்பணித் துறையில் ஜோலி டி லாட்பினியர் என்ற கனடா நாட்டு இராணுவப் பொறியாளர் இருந்தார். 1899-இல் அவரை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பி, அங்குள்ள மின் நிலையங்களைப் பார்த்துவரச் செய்தார். அவர் கொண்டுவந்த கணக்குகளின்மேல் பேச்சு நடந்தது. சுழலிகள் ஸுவிட்ஸர்லாந்தின் எஷர் வைஸ் கம்பெனியிலிருந்து. மின் எந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியிலிருந்து. கல்லொன்று நடுமுன்னரே சுரங்கக் கம்பெனிகளோடு விற்பனை ஒப்பந்தமும் பேசப்பட்டது. வாங்குகிறவன் உறுதியான பிறகே கடையைத் திற என்பது வக்கீல் மூளை. இன்றும் சூரியப் பூங்காவோ காற்றாலையோ அமைப்பவர்கள் முதலில் தேடுவது இத்தகைய மின்கொள்முதல் ஒப்பந்தத்தைத்தான். எங்கள் பாடத்தில் அதற்கு ஒரு தனி அதிகாரமே இருக்கிறது.

1900-இல் வேலை தொடங்கியது. இருப்புப்பாதை இல்லாத காட்டுக்குள் பெரும்பெரும் இரும்புப் பாகங்களை மாட்டு வண்டிகளும் யானைகளும் இழுத்துச் சென்றன. மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரை வாட்டியது. அருவிக்கு மேலே ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி, அங்கிருந்து செங்குத்தான குழாய்களில் நீரைச் சுமார் 400 அடி இறக்கி, சுழலிகளில் விட்டபின் மறுபடியும் ஆற்றிலேயே சேர்த்தார்கள். அங்கிருந்து தங்கவயல் வரை 92 மைல் மின்கம்பி. மின்னழுத்தம் சுமார் 35,000 வோல்ட். அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே ஆற்றலை அனுப்ப வேண்டிய மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும். கம்பியில் வெப்பமாக வீணாவது நூறில் ஒன்றாகும். பள்ளியிலேயே நாம் மனப்பாடம் செய்துவிட்ட இந்த விதியை நம்பித்தான் அன்று ஒரு சமஸ்தானம் தன் பணத்தைப் போட்டது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அது ஒன்று.

ஆற்றிலேயே சேர்த்தார்கள் என்றேன். அது சிறிய சொல்லன்று. காவிரி மைசூரோடு நின்றுவிடுகிற ஆறா? கீழே தஞ்சை காத்திருக்கிறது. சிவசமுத்திரத்தில் ஆற்றின் மறுகரையான கொள்ளேகாலம் அன்று சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. மைசூரில் புதிய பாசன அணைகள் கட்டுவதுபற்றிச் சென்னைக்கும் மைசூருக்கும் 1892-இல் ஏற்பட்ட ஒப்பந்தம் சேஷாத்ரி ஐயர் திவானாயிருந்த காலத்தது. சென்னையில் படித்துப் பட்டம் பெற்ற தமிழர், மைசூரின் சார்பில் சென்னை அரசாங்கத்தோடு வழக்காடினார்! உண்ட வீட்டுக்கு உழைப்பது என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. பாசனம் நீரைச் செலவழிக்கிறது. மின்சாரம் நீரின் வீழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு நீரைத் திருப்பித் தந்துவிடுகிறது. அணை கட்டித் தேக்காமல் ஓடும் ஆற்றில் எடுக்கும் மின்சாரத்துக்கு இந்த நன்மை உண்டு.

இத்தனை செய்தும் மைசூரில் எல்லாரும் அவரைக் கொண்டாடினார்கள் என்று சொல்வதற்கில்லை. உயர்ந்த பதவிகளில் எல்லாம் சென்னைப் பக்கத்துப் பிராமணர்களே அமர்கிறார்கள், மண்ணின் மைந்தர்களுக்கு இடமில்லை என்ற குறை அவர் காலத்தில் வலுத்தது. பத்திரிகைகள் எழுதின, சபையில் பேசினார்கள். மைசூர்க் கட்சி, சென்னைக் கட்சி என்று உத்தியோகஸ்தர்களே இரண்டுபட்டார்கள். இதில் சேஷாத்ரி ஐயர் குற்றமற்றவர் என்று வாதாட நான் வரவில்லை. தம்மை அழைத்துவந்த ரங்காசார்லுவைப்போலவே அவரும் தமக்குத் தெரிந்தவர்களையே அழைத்தார். உள்ளூர் மக்களிடம் கல்வி பரவி, அவர்கள் தாமே பதவிக்கு வரும்வரை காத்திருக்கும் பொறுமை நிர்வாகத்தின் அவசரத்துக்கு இருக்கவில்லை. குறை உண்மையானது, அது பிற்காலத்தில் பெரிய இயக்கமாகவே வளர்ந்தது. ஐதராபாத்தில் வந்து படிக்கும் நம்மைப் போன்றவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. இந்த நகரமும் முல்கி, முல்கியல்லாதார் என்ற வழக்கை நெடுநாள் கண்ட நகரம். தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்கு ஓராண்டு பிடித்தது. சேஷாத்ரி ஐயரின் வாழ்க்கையைப் படித்தபின் அதை இன்னும் முன்பே தொடங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

இன்னொரு குறையும் சொல்லவேண்டும். முதல் மின்சாரம் போனது மக்களின் வீட்டுக்கு அன்று. ஆங்கிலேயரின் சுரங்கக் கம்பெனிக்கு. அங்கே பூமிக்கடியில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதி வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்க் கூலி மக்கள். எந்திரத்தின் இரைச்சலில் அவர்கள் இருமல் கேட்கவில்லை. மின்சாரம் விற்ற பணம் சமஸ்தானத்தின் கருவூலத்துக்கு வந்தது உண்மை. அதனால் பின்னர் நகரங்களுக்கு ஒளி வந்ததும் உண்மை. ஆயினும் தூய ஆற்றல் என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது, யாருக்காக என்ற கேள்வியும் கூடவே வரத்தான் செய்கிறது. எங்கள் பாடப்புத்தகங்களில் அந்தக் கேள்விக்குப் பக்கங்கள் குறைவு.

திட்டம் நடந்துகொண்டிருக்கையில் சேஷாத்ரி ஐயரின் உடல்நிலை தளர்ந்தது. பதினெட்டு ஆண்டு ஓய்வற்ற உழைப்பு, பிளேக் காலத்தின் அலைச்சல், ஓயாத கண்டனங்கள். 1901-ஆம் ஆண்டில் பதவியிலிருந்து விலகினார். அவ்வாண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் காலமானார். வயது 56. காவிரிக் கரையில் குழாய்கள் ஏறிக்கொண்டிருந்தன. கம்பங்கள் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்பது மாதங்களுக்குப் பின், 1902 ஜூன் 30-ஆம் நாள், சிவசமுத்திரத்தின் மின்சாரம் தங்கவயலின் எந்திரங்களைச் சுழற்றியது. அதைக் காண அவர் இல்லை. 1905-இல் பெங்களூர்த் தெருவிலும் காவிரியின் விளக்கு எரிந்தது.

கோடையில் காவிரி மெலியும்போது மின்சாரமும் மெலிந்தது. சூரியத் தகட்டுக்கு இரவு எப்படியோ, காற்றாலைக்குக் காற்றில்லாத மாதம் எப்படியோ, அப்படியே இதுவும். நீரைச் சேமிக்கவேண்டும் என்ற தேவையிலிருந்துதான் விசுவேசுவரய்யாவின் கிருஷ்ணராஜசாகர் அணை 1911-இல் தொடங்கியது. அதோடு காவிரி வழக்கும் வளர்ந்து, 1924-இல் இன்னோர் ஒப்பந்தத்தில் போய் நின்றது. அந்தக் கதைக்கு வேறு தலைவர்கள், வேறு கட்டுரை வேண்டும். தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது. சுரங்கத்துக்காகப் பிறந்த மின் நிலையம், எந்திரங்கள் மாறிப் பெருகி, சுரங்கத்தைவிட நீடித்துவிட்டது.

இங்கே ஐதராபாத்தில் ஹுசேன் சாகர்க் கரையில் நிஜாம் அரசாங்கம் அனல்மின் நிலையம் அமைத்தது 1920-இல். அது நிலக்கரியில் ஓடியது. இன்று அந்த நிலையம் இல்லை. நெக்லஸ் ரோடு வழியாக மாலையில் உலாவப் போகும் நண்பர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ!

ஒரு செய்தி மீதம் இருக்கிறது. ஜாம்ஷெட்ஜி டாட்டா, இந்தியாவில் உயர்ந்த அறிவியல் ஆராய்ச்சிக்கென ஒரு கழகம் வேண்டும் என்று 1890-களின் இறுதியில் முயன்றபோது, அதற்கு நிலமும் பணமும் தர முன்வந்த சமஸ்தானம் மைசூர்; அப்போது திவான் சேஷாத்ரி ஐயர். இடம் தேர்வதற்காக நாட்டைச் சுற்றிவந்த இரசாயன அறிஞர் வில்லியம் ராம்ஸே பெங்களூரே தகுந்தது என்றார். கழகம் எழுவதற்குள் திவான் 1901-இலும் டாட்டா 1904-இலும் மறைந்துவிட்டார்கள். 371 ஏக்கர் நிலம் 1907-இல் வந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், நான் இந்தப் படிப்பை எடுத்தேன் என்றதும், மொட்டைமாடியில் ஏறித் தகடு துடைக்கவா இத்தனை செலவு என்று கேட்டார். அவருக்கு நான் எழுதப்போகும் கடிதத்தில் இதைச் சேர்க்க எண்ணியிருக்கிறேன்: 1911-இல் அந்தக் கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது திறந்த துறைகளுள் ஒன்று மின்தொழில்நுட்பம். அந்த மாணவர்கள் வந்து இறங்கிய ஊரில் காவிரியின் மின்சாரம் எரியத் தொடங்கி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.